மூன்றாவது கை

ஜனவரி 11

அன்புள்ள என் இடிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் உன் கடைசிக் கடிதத்தில் மூன்று வரிதான் இருந்தது, அதில் ஒன்று கப்பலில் கொடுக்கும் சோப்பைப் பற்றியது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு முழுப் படம் கிடைத்திருக்கிறது. இந்த முறை யாருக்கும் உதவியாளன் இல்லை, யாரோ பாதியில் விட்டுப் போனதை ஒட்டுப்போடும் வேலையும் இல்லை. ஐந்து பாட்டுக்கும் குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங் நான்தான். படத்தில் என் பேர் தனியாக, ஒரு வரி முழுக்க, வரும். வேலை நம் பின்னறையிலேயே. எதிரொலி அடங்க வேண்டும் என்று சுவர் நெடுக மெத்தைகளை மாட்டிவிட்டேன். ‘படுக்க வேண்டிய மெத்தையெல்லாம் நின்னுக்கிட்டிருக்கு, நிக்க வேண்டிய பிள்ளை உக்காந்தே இருக்கான்’ என்கிறாள் அம்மா.

இனி கெட்ட சேதி. கோபித்துக்கொள்ளாமல் படி. இந்தப் படத்தில் டிரம்ஸ் வாசிக்க ஆள் வைக்கவில்லை. எல்லாம் கணினிக்குள் இருக்கும் டிரம்ஸ். நிஜ டிரம்ஸை ஒவ்வொரு அடியாகப் பதிவு செய்து உள்ளே போட்டிருப்பார்கள். இசையமைப்பாளர் கீபோர்டில் விரலால் தட்டினால் அந்த அடி கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நூற்று இருபத்தேழு வரை பலம் கொடுக்கலாம். நம் ஆள் தயாள குணம் உடையவர், எல்லா அடிக்கும் நூற்று இருபத்தேழு கொடுத்திருக்கிறார்.

பாட்டை ஓடவிட்டால் ஒலியளவு காட்டும் மீட்டர் சிவப்பில் போய் முட்டுகிறது. சிவப்பைத் தாண்டினால் ஒலி கிழிந்துவிடும். மொத்த டிரம்ஸையும் குறைத்துப் பார்த்தேன், உச்சிகள் அடங்கின, ஆனால் மற்ற அடிகள் பாடகியின் குரலுக்கு அடியில் காணாமல் போயின. சரியென்று லிமிட்டரைப் போட்டேன். அது அளவு மீறும் ஒலியைத் தலையில் தட்டி உட்கார வைக்கும் கருவி. தட்டித் தட்டி எல்லாவற்றையும் உட்கார வைத்துவிட்டது. இசையமைப்பாளர் கேட்டுவிட்டு மரியாதையாகச் சொன்னார்: ‘எல்லாம் சுத்தமா இருக்கு சார். ஆனா யாரோ தலையணை மேல அடிக்கிற மாதிரி இருக்கே.’

அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு வருத்தம்.

நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும். உன் டிரம்ஸ் முன்னறையில் போர்வை போர்த்தி அப்படியே இருக்கிறது. அதன் மேல் அம்மா மடித்த துணிகளை வைக்கிறாள். எப்படியும் மே மாதம் உன் ஒப்பந்தம் முடிகிறது, அதற்குப் பிறகு துணிகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வாள்.

உன் வரவை எதிர்பார்த்து,
மெத்தைகளுக்கு நடுவே உன்னவன்

—

ஜனவரி 20

என் காதுக்காரருக்கு,

ஊழியர் அறையில மெயில் பார்க்க ஒரே ஒரு கம்ப்யூட்டர். எனக்குப் பின்னாடி சமையல்காரங்க வரிசையில நின்னாங்க. உங்க பேர் தனியா வரும்னு படிச்சதும் என்னால சும்மா இருக்க முடியல. பக்கத்துல நின்னவர்கிட்ட ‘என் வீட்டுக்காரர் ஒரு முழுப் படம் பண்றார்’னு சொன்னேன். அவருக்கு நம்ம மொழி ஒரு வார்த்தை தெரியாது. என் முகத்தைப் பார்த்துட்டுக் கை குடுத்தார். அவருக்குப் பின்னாடி நின்னவரும் குடுத்தார். உங்களுக்குச் சேர வேண்டிய கைகுலுக்கல் எல்லாம் என்கிட்டதான் இருக்கு.

அதுக்கு அடுத்த பத்தியைப் படிச்சதும் கோபம் வந்துச்சு. நான் இந்தப் பக்கம் வந்தேன், நீங்க அந்தப் பக்கம் பெட்டிக்குள்ள ஒரு சக்களத்தியைக் கொண்டுவந்து வெச்சுட்டீங்க. அவளுக்குக் கை வலிக்காது, முகம் சுளிக்க மாட்டா, அத்தையோட வாக்குவாதம் பண்ண மாட்டா. உங்க அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போகும், ஜாக்கிரதை.

இங்க நான் நல்லா இருக்கேன். டிரம்ஸ் நகராம இருக்க மேடையோட சேர்த்து பெல்ட் போட்டுக் கட்டியிருக்கோம். என் ஸ்டூலைக் கட்ட மறந்துட்டாங்க. போன வாரம் அலை பெருசா வந்தப்போ நான் வாசிச்சுக்கிட்டே மெதுவா பியானோ பக்கம் போய்ட்டேன். மேடைக்குக் கீழ ஆடிக்கிட்டிருந்த பயணிங்க அதுவும் நிகழ்ச்சியில ஒரு பகுதின்னு நினைச்சுக் கை தட்டினாங்க. பியானோ வாசிக்கிறவர்தான் எங்க குழுத் தலைவர். ‘நாளைக்கும் அதே இடத்துல வர முடியுமா’ன்னு கேட்டார்.

சரி, உதவி பண்றேன். நீங்க பாட்டை அனுப்பினாலும் இங்க இறங்காது, எழுத்து மட்டும்தான் வந்து சேருது. அதனால எனக்குக் காது உங்க எழுத்துதான். சிவப்பு எந்த இடத்துல விழுது? எல்லா அடியிலயுமா, சில அடியில மட்டுமா? விழுற நேரத்துல எதெது சேர்ந்து கேக்குது? மீட்டரைப் பார்த்துச் சொல்லாதீங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுச் சொல்லுங்க.

இடி

—

ஜனவரி 29

அன்புள்ள இடிக்கு,

கண்ணை மூடிக் கேட்டேன். நீ கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருந்தது. சிவப்பு எல்லா இடத்திலும் விழவில்லை. பல்லவி தொடங்கும் முதல் அடியிலும், சரணம் முடிந்து திரும்பும் இடத்திலும்தான் விழுகிறது. அந்த நேரத்தில் நீ காலால் மிதிக்கும் பெரிய டிரம், முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் ஸ்நேர், பெரிய தட்டான க்ராஷ், இரண்டு சின்னத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்குமே அந்த ஹை-ஹாட், நாலும் ஒரே நொடியில் விழுகின்றன. நாலும் முழு பலத்தில். இதற்கு மேல் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சீக்கிரம் எழுது. முதல் பாட்டு திருப்தியாக வராவிட்டால் மற்ற நாலையும் பெரிய ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறாராம். இசையமைப்பாளர் எனக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

வீட்டுச் சேதி: எதிர்வீட்டு அம்மாளிடம் நம் அம்மா நீ கப்பலில் உத்தியோகம் பார்ப்பதாக மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். ‘என்ன உத்தியோகம்’ என்று அந்த அம்மாள் விடாமல் கேட்க, ‘சத்தம் சம்பந்தப்பட்டது’ என்றாளாம்.

மே மாதத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. வரிசையில் நின்றவர்களின் அவசரத்தில் விட்டுப்போயிருக்கும்.

உன்னவன்

—

பிப்ரவரி 6

என் காதுக்காரருக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு அங்கேயே நின்னு காத்துல அடிச்சுப் பார்த்தேன். வலது கால் பெரிய டிரம்ல. வலது கை க்ராஷ்ல. இடது கை ஸ்நேர்ல. அப்போ ஹை-ஹாட்டை அடிச்சது யாரு? உங்க இசையமைப்பாளருக்கு மூணு கை இருக்கு. இவ்வளவு நாளா நீங்க கவனிக்கல.

அந்த மூணாவது கையை முதல்ல வெட்டுங்க. அதோட விடாதீங்க. க்ராஷ் விழுற அடியில நான் ஸ்நேரையும் தொட மாட்டேன். தட்டும் காலும் போதும், அதுவே பாட்டைத் தூக்கிட்டுப் போயிடும். நாலு பேர் ஒரே கதவுல நுழையப் பார்த்தா கதவு உடையத்தான் செய்யும், நீங்க கதவைக் குறை சொல்லிக்கிட்டு இருக்கீங்க.

அடுத்தது பலம். க்ராஷை ஓங்கி அடிச்சா என் உடம்பே அந்தப் பக்கம் சாயும், திரும்பி வந்து அடிக்கிற அடி மெலிசாத்தான் விழும். இடது கை அடி எப்பவும் வலது கை அடியை விட ஒரு பிடி சின்னது. பாடகி பாடும்போது கால் மெதுவா மிதிக்கும், அவங்க மூச்சு விடும்போது நல்லா மிதிக்கும். ரெண்டு கையும் மாத்தி மாத்திப் படபடன்னு அடிக்கிற ரோல்ல எல்லா அடியும் ஒரே உயரம்னா அது டிரம்ஸ் இல்ல, தையல் மெஷின். இதையெல்லாம் ஒவ்வொரு அடியா உக்காந்து மாத்துங்க. மொத்தமா ஒரு கருவியைப் போட்டுத் தலையில தட்டாதீங்க, எது தப்பு பண்ணுச்சோ அதை மட்டும் கூப்பிட்டுச் சொல்லுங்க. கடைசியில லிமிட்டரை வைங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுக்கு வேலையே வரக் கூடாது. வாசல்ல நிக்கிற காவலாளி மாதிரி சும்மா நிக்கட்டும்.

இன்னும் ஒண்ணு. முன்னறைக்குப் போய் போர்வையை எடுத்துட்டு என் ஸ்டூல்ல உக்காருங்க. அடிச்சுப் பாருங்க. உங்களுக்கு வலிச்சாத்தான் உங்க பெட்டிக்கும் கொஞ்சம் வலிக்கும்.

இங்க எங்க தலைவருக்குத் திடீர்னு கண்ணு மங்கலாயிடுச்சு. துறைமுகத்துல இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அன்னைக்கு நிகழ்ச்சியை யார் நடத்துறதுன்னு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னாங்க. ஆளுங்க வந்து உக்காந்துட்டாங்க. நான் குச்சியைத் தட்டி எண்ண ஆரம்பிச்சுட்டேன். எல்லாரும் சேர்ந்துட்டாங்க. நல்லாப் போச்சு.

இடி

—

மார்ச் 2

அன்புள்ள இடிக்கு,

பாட்டு தேறிவிட்டது. ஐந்தும் நமக்குத்தான்.

எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். நீ சொன்னபடி துணிகளை இறக்கி வைத்துவிட்டு உன் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ‘அவ அடிச்சா வீடு அதிரும். நீ அடிச்சா யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்குடா, நான் போய்த் திறந்துட்டு வந்தேன்’ என்றாள். ஆனால் உட்கார்ந்ததில் பலன் இருந்தது. இடது கை அடி சின்னது என்று நீ எழுதியது மணிக்கட்டில் புரிந்தது. க்ராஷை ஓங்கி அடித்துவிட்டு ஸ்நேருக்குத் திரும்ப முடியாமல் தடுமாறினேன். அந்தத் தடுமாற்றத்தை அப்படியே கணினியில் எழுதினேன். மூன்றாவது கையை வெட்டினேன். ஒவ்வொரு அடியாக ஏற்றி இறக்கினேன். கண் எரிந்தது. மீட்டர் மேலே போகும், சிவப்பின் காலடி வரை போகும், திரும்பி வந்துவிடும். லிமிட்டர் வேலையில்லாமல் நிற்கிறது.

இசையமைப்பாளர் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, தரையிலேயே சம்மணம் போட்டுவிட்டார். பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார். பிறகு, ‘யார் சார் வாசிச்சது? புதுசா ரெகார்டிங் பண்ணீங்களா?’ என்றார்.

‘என் மனைவி’ என்றேன்.

அதைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதே இல்லை.

அவர் எழுந்து நின்றுவிட்டார். டிரம்ஸ் என்ற இடத்தில் உன் பேரைப் போடப் போகிறார். ஜூன் மாதம் பாடல் வெளியீட்டு விழாவில் எல்லாப் பாட்டையும் மேடையில் நேரடியாக வாசிக்கிறார்கள். ‘அவங்களே வாசிக்கட்டும் சார், வருவாங்களா?’ என்று கேட்டார். ‘வருவாள்’ என்று சொல்லிவிட்டேன். மே மாதம் நீ வந்தால் ஒத்திகைக்கு நேரம் இருக்கும். அம்மா முன்னறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறாள்.

பெருமையோடு,
உன்னவன்

—

மார்ச் 15

என் காதுக்காரருக்கு,

முதல்ல சந்தோஷத்தைச் சொல்லிடுறேன், அப்புறம் மறந்துடுவேன். அஞ்சும் உங்களுக்குத்தான்னு படிச்சப்போ, பின்னாடி வரிசையில நின்ன எல்லாருக்கும் நானே திரும்பிக் கை குடுத்தேன். உங்க காதை மத்தவங்க மதிக்க இத்தனை வருஷம் ஆச்சேன்னு இருந்துச்சு.

இப்போ மத்தது. ‘வருவாள்’னு யாரைக் கேட்டுச் சொன்னீங்க?

எங்க தலைவருக்குப் பார்வை திரும்பல. அவர் ஊருக்குப் போயிட்டார். போறதுக்கு முன்னாடி கப்பல் நிர்வாகத்துக்கிட்ட ஒரே பேரைச் சொன்னார், என் பேரை. ஏழு பேர் கொண்ட குழு. எந்தப் பாட்டு, யார் எப்போ வாசிக்கணும், எங்க நிறுத்தணும், எல்லாம் நான் சொல்லணும். இந்தக் கப்பல்ல டிரம்ஸ் வாசிக்கிற யாரும் தலைமை ஏத்ததில்லையாம், பொம்பளையும் ஏத்ததில்லையாம். ரெண்டும் சேர்ந்து நான். பிப்ரவரி கடைசியிலயே கையெழுத்துப் போட்டுட்டேன். அடுத்த வருஷ ஆரம்பம் வரைக்கும்.

உங்ககிட்ட சொல்லல. நீங்க ஒவ்வொரு கடிதத்துலயும் மே மாசம்னு எழுதுனீங்க, நான் அந்த வரியை மட்டும் தாண்டித் தாண்டிப் படிச்சேன். அது தப்பு. நீங்க என்னைக் கேக்காம சொன்னதும் தப்பு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கலாம்.

ஆனா ஒண்ணை மட்டும் என்னால விட முடியாது. அந்தப் பாட்டுல நான் வாசிக்கல. நான் இங்க கடல் நடுவுல உக்காந்து வாயால சொன்னேன். அங்க ஒவ்வொரு அடியையும் வெச்சது நீங்க. நான் தொடாத டிரம்ஸ்ல என் பேர் வரக் கூடாது. நான் வாசிச்சதுக்குத்தான் என் பேர் வரணும், அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன். இசையமைப்பாளர்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க. சொல்ல வெக்கமா இருந்தா என் கடிதத்தைக் காட்டுங்க.

கோபத்துல எழுதல. யோசிச்சுத்தான் எழுதுறேன். உடம்பைப் பார்த்துக்குங்க.

—

ஏப்ரல் 9

அன்புள்ள இடிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. எழுதினேன், அழித்தேன். முதலில் எழுதியதில் கோபம் இருந்தது, அடுத்ததில் தியாகம் இருந்தது. இரண்டாவது இன்னும் மோசமாக இருந்தது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் ஒரு பத்தியை விழுங்கப் பார்த்தேன். ‘என்னடா, வண்டி பள்ளத்துல இறங்கின மாதிரி இருக்கு, முழுசாப் படி’ என்றாள். படித்தேன்.

‘எத்தனை பேருக்குத் தலைவின்னு சொன்னே?’

‘அவளையும் சேர்த்து ஏழு பேர்.’

‘ஆம்பளைங்களா?’

‘மத்த ஆறு பேரும் ஆம்பளைங்கதான்.’

அம்மா கையில் இருந்த துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு எழுந்து செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். ஜன்னலில் எனக்கு எல்லாம் கேட்டது. ‘என் மருமக டிரம்ஸ் அடிக்கிறவ. கப்பல்ல அவ குச்சியைத் தட்டினாத்தான் பாட்டே ஆரம்பிக்கும். ஆறு ஆம்பளைங்க அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. உங்ககிட்ட இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்’ என்றாள். அந்த அம்மாள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. நம் அம்மா பதிலுக்காக நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எதற்காகக் கோபமாக இருக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. நீ இல்லாத வீடு நன்றாக இல்லை. அது வேறு விஷயம், அது உன் குற்றம் இல்லை. நீ நடத்துகிற நிகழ்ச்சியை நான் பார்க்கவில்லையே என்பதுதான் இப்போது என் குறை.

இசையமைப்பாளரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை, என் வாயாலேயே சொன்னேன். அவர் நாடியைத் தடவிக்கொண்டே, ‘அவங்க சொல்லாம உங்களால செஞ்சிருக்க முடியுமா?’ என்றார். முடியாது என்றேன். ‘நீங்க இல்லாம அவங்க சொன்னது பாட்டாகியிருக்குமா?’ ஆகியிருக்காது என்றேன். ‘அப்போ ரெண்டு பேரும் பேசி என்ன போடணும்னு எழுதிக் குடுங்க’ என்றார். நான் நினைத்தது இது: கணினி டிரம்ஸ் சீரமைப்பு என்று என் பேர், தாள யோசனை என்று உன் பேர். போடலாமா? உன் பதில் வராமல் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

விழாவில் வாசிக்க வேறொரு டிரம்ஸ்காரர் வந்திருக்கிறார். முதல் ஒத்திகையிலேயே பாட்டை அப்படியே வாசித்துவிட்டார். ‘இதை எழுதினவங்களுக்கு டிரம்ஸ் தெரியும் சார், கையும் காலும் தானா போகுது’ என்று சொன்னார்.

இனி நான் மே என்றோ ஜூன் என்றோ எழுத மாட்டேன். வரும்போது நீயே சொல். இடையில் நான் அங்கே வர வழி உண்டா என்று மட்டும் விசாரித்து எழுது.

உன்னவன்

—

ஏப்ரல் 17

போடுங்க. உங்க பேருக்குக் கீழ. எழுத்து ஒரே அளவுல இருக்கணும். அத்தை செருப்பில்லாம போனதை இங்க ஆறு பேருக்கும் நடிச்சுக் காட்டினேன்.

இடி

—

ஜூன் 24

என் காதுக்காரருக்கு,

இன்னைக்குத் துறைமுகத்துல இறங்கினோம். பாட்டு வெளியாகி எல்லா இடத்துலயும் கிடைக்குதுன்னு நீங்க எழுதினதால, கரை ஏறினதும் சிக்னல் தேடித்தான் நடந்தேன். சரக்குக் கிடங்குக்கு வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்துச்சு, அங்க கிடைச்சது. லாரிங்க போய்ட்டு வந்துட்டு இருந்துச்சு. ஹெட்போனை இறுக்கி அமுக்கிக்கிட்டு அஞ்சு பாட்டையும் கேட்டேன். எழுந்திருக்கல.

இத்தனை மாசமா உங்க எழுத்துல மட்டும் கேட்ட பாட்டு. நான் நினைச்ச மாதிரி இல்ல, அதைவிட மேல இருந்துச்சு. முதல் பாட்டுல க்ராஷ் விழுந்ததும் அடுத்த அடி மெலிசா வருதே, அந்த இடத்துல என் தோள் தானா சாஞ்சுது. குரல் குரலோட இடத்துல நிக்குது, கால் அதுக்கு வழி விட்டு நடக்குது. எதுவும் கிழியல, எதுவும் நசுங்கல. எனக்கு வேலை தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுக்காரரா கிடைச்சிருக்கார்னு அந்த பெஞ்சுல உக்காந்து நினைச்சுக்கிட்டேன். இதை நேர்ல சொன்னா நீங்க பேச்சை மாத்திடுவீங்க, அதனால எழுத்துல வெச்சுக்குங்க.

கேட்ட விஷயத்துக்குப் பதில். குழுத் தலைவரோட குடும்பத்துல ரெண்டு பேர் ஒரு பயணம் கூட வரலாமாம். ஆகஸ்ட் மாசத்துக்கு உங்க பேரையும் அத்தை பேரையும் குடுத்துட்டேன். இந்த முறை நான் கேக்காம செஞ்சுட்டேன், வேண்டாம்னா சொல்லுங்க. அத்தைக்கு அலை ஒத்துக்குமான்னு தெரியல, ஆனா முன் வரிசையில நாற்காலி சொல்லி வெச்சாச்சு.

கடைசியா ஒண்ணு. மூணாவது பாட்டுல, கடைசி சரணத்துக்கு முன்னாடி பாடகி மூச்சு இழுக்கிறாங்க. எல்லாம் நின்னுடுது. அப்போ ஸ்நேர்ல ஒரே ஒரு அடி, முழு பலத்துல. அதை நான் எந்தக் கடிதத்துலயும் சொல்லித் தரல. இடது கை அடி சின்னதுன்னு நான் சொன்னதுக்கே எதிரா இருக்கு. மீட்டர் சிவப்புக்கு மயிரிழை கீழ நின்னிருக்கும். அடக்கியிருக்கலாம், நீங்க அடக்கல. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

கூட இறங்கின எங்க குழு ட்ரம்பெட்காரர் ஹெட்போனோட ஒரு பக்கத்தை வாங்கிக் கேட்டுட்டு, ‘யார் இது அடிச்சது’ன்னார். என் வீட்டுக்காரர்னேன். ‘அவரும் டிரம்ஸ் வாசிக்கிறவரா?’ன்னார்.

இந்த ஒரு அடிக்கு ஆமான்னு சொன்னேன்.

உங்கள்
இடி